மணலில் வைத்த பற்றரி

துப்புரவுக்காரர் காலை ஏழு மணிக்குள் வேலையை முடித்துக் கட்டடத்தை விட்டுப் போய்விட வேண்டும். அந்தத் திங்கள் ஒன்பதாகியும் தில்லைநாயகி ஓர்லிகோன் நகர்ப்பகுதி அலுவலகம் ஒன்றின் நான்காம் மாடியில், கண்ணாடி அறைக்கு வெளியே, வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். மேற்பார்வையாளர் ஸ்ரீஸ்கந்தராஜா நிற்கச் சொல்லியிருந்தார். கூட வேலை செய்யும் வேணுகாவையும் மறித்திருந்தார். அவள் ஏற்கெனவே துடைத்த கதவை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் துப்புரவு மாலையில். போன வெள்ளி நடந்தது இதுதான். தில்லைநாயகி மேசைகளுக்குக் கீழே குனிந்து, மின்பலகைகளின் சிவப்புச் சுவிச்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். பொறியாளர் லக்ஷ்மிநாராயணன் காப்பி குடிக்கக் கீழே போயிருந்தான். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தபோது அவனுடைய மடிக்கணினி செத்துக் கிடந்தது. வாடிக்கையாளருக்குப் போய்க்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்துவிட்டது.

ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"உம்மை ஆர் சுவிச்சில கை வைக்கச் சொன்னது?"

"நீங்கள்தானே அண்ணை. வெள்ளிக்கிழமையில எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லிக் குறூப்பில குரல் போட்டனீங்கள்."

"நானோ? எங்கை, காட்டும் பாப்பம்."

அவர் எதையும் ஜெர்மனில் எழுதித் தருவதில்லை. எல்லாம் தமிழில், வாட்ஸ்அப் குரலில்தான் வரும். தில்லைநாயகி கையுறையைக் கழற்றிப் போனைத் திறந்தாள். வியாழன் இரவு வந்த குரல் இருந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் இருந்தது.

"வேணுகாவும் கேட்டவள்."

"என்ன வேணுகா, கேட்டனீரோ?"

வேணுகா துணியைப் பிழிந்தாள். "எனக்கு ஞாபகம் இல்லை அண்ணை," என்று வாளியைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் தில்லைநாயகியை உள்ளே கூட்டிப்போனார். அங்கே கட்டட நிர்வாகி கெல்லர் என்ற பெண்மணியும் லக்ஷ்மிநாராயணனும் இருந்தார்கள். அவன் முன்னால் அந்த மடிக்கணினி, சார்ஜர் வயர் செருகியபடி. அதன் நான்கு கால்களும் மேசையில் படியவில்லை. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது.

"தம்பி, போன மாதமே சொன்னனான்," என்றாள் தில்லைநாயகி. "துடைக்கேக்கை ஆடுது, பற்றரி வீங்கியிருக்கெண்டு. பாத்துக்கிறன் எண்டனீங்கள். நல்ல பற்றரி எண்டால் கரண்ட் போனாலும் ரெண்டு மணித்தியாலம் நிக்கும்."

லக்ஷ்மிநாராயணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவங்க எப்ப சொன்னாங்க? ஃப்ளோர் துடைக்க வர்றவங்க எனக்கு பேட்டரி பத்தி கிளாஸ் எடுக்குறாங்க பாருங்க சார்."

"புருசன் லாப்டொப் திருத்தினவர்," என்று ஸ்ரீஸ்கந்தராஜா சிரித்தார். "அந்தாள் செத்து ரெண்டு வரியம். இவ இப்ப இஞ்சினியர்."

ஆரா நகரில் ஒரு கடையின் பின்னறையில் அவள் கணவர் வரதராசா பதினொரு வருடம் மடிக்கணினிகளைத் திருத்தினார். வீங்கிய பற்றரியை ஊசியால் கூடத் தொடக்கூடாது என்பார். தீப்பிடிக்கும் என்று பல்கனியில், பெயின்ற் வாளியில் நிரப்பிய மணலுக்குள் அவற்றைத் தாழ்த்துவார்.

கெல்லர் ஜெர்மனில் ஏதோ கேட்டாள்.

"பற்றரி பழுது எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ அண்ணை."

ஸ்ரீஸ்கந்தராஜா கெல்லர் பக்கம் திரும்பிச் சொன்னதில் மூன்று சொற்கள் தில்லைநாயகிக்கு விளங்கின. இவள் பிழைக்கு வருந்துகிறாளாம்.

"நைன்," என்றாள் தில்லைநாயகி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில். "அக்கு கபுட்." பற்றரி பழுது என்பதைக் காட்ட, மடிக்கணினியைப் புரட்டக் கையை நீட்டினாள்.

லக்ஷ்மிநாராயணன் இரண்டு கைகளாலும் அதை மேசையோடு அழுத்திக்கொண்டான். "தொடாதீங்க. கம்பெனி சொத்து." பிறகு கெல்லரிடம் ஆங்கிலத்தில், பற்றரியில் ஒரு குறையும் இல்லை என்றான். கெல்லர் தலையசைத்து மணியைப் பார்த்தாள்.

மாத முடிவோடு வேலை இல்லை என்று கடிதம் வந்தது. தில்லைநாயகியிடம் இருந்தது தற்காலிகமாகத் தங்க மட்டும் விடும் எஃப் அட்டை. ஒரு வருடத்துச் சம்பளத் துண்டுகளைத் தொடர்ச்சியாகக் காட்டினால் வதிவிட உரிமை தரும் பி அட்டைக்கு எழுதிப் பார்க்கலாம் என்று ஆலோசனை நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். இது பதினோராம் மாதம்.

"இன்னும் ஒரு மாதம் மட்டும் விடுங்கோ அண்ணை. கக்கூஸ் மட்டும் கழுவுறன்."

"உம்மை வச்சிருந்தால் கொன்றாக்ற் போயிடும். எனக்கும் பிள்ளையள் இருக்கு."

கடைசி வெள்ளி மாலை அவள் அதே மேசையைத் துடைத்தாள். மடிக்கணினி ஆடவில்லை. நான்கு கால்களும் மேசையில் தட்டையாகப் படிந்திருந்தன. கீழே குப்பைக்கூடையில், வாழைப்பழத் தோலுக்கும் காப்பிக் கோப்பைக்கும் இடையில், பழைய பற்றரி கிடந்தது. தலையணை போல ஊதியிருந்தது.

அவள் கூடையைக் கவிழ்க்கவில்லை. தோலை விலக்கி, அழுத்தாமல் இரண்டு உள்ளங்கைகளிலும் அதை ஏந்தி, மின்தூக்கியில் கீழே இறங்கினாள். வாசலில் புகைப்பவர்களுக்காக வைத்திருந்த மணல்தொட்டியில் ஒரு பக்கமாகக் குழி பறித்து அதைக் கிடத்தினாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா அங்கே சிகரெட்டுடன் நின்றார்.

"கதவுக் கார்ட்டைத் தாரும்."

கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எரியும் துண்டைக் குனியாமலே தொட்டிக்குள் எறிந்துவிட்டு உள்ளே போனார். அது பற்றரிக்கு ஒரு விரல் தள்ளி விழுந்து புகைந்தது.

தில்லைநாயகி வெறும் விரலால் நெருப்பை எட்டத் தள்ளி நசுக்கினாள். பிறகு குளிர்ந்த மணலை அள்ளி அள்ளிப் பற்றரியை மூடினாள். மேலே நான்காம் மாடியில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.