சைக்கிளுக்குப் பின்னால் வந்த மணல்மேடு

பல்செட்டுக்காரியின் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஒரு மணல்மேடு அவள் வீடுவரை வந்துவிட்டது. கன்றுக்குட்டி உயரம்தான் இருக்கும். பல் மருத்துவமனையில் பல்செட் செய்கிறவள் அவள். வேலை முடிந்து ஆற்றோர இயற்கைக் காப்பகத்தின் குறுக்கே சைக்கிள் மிதித்துத் திரும்புவது வழக்கம். அன்று ஆற்று வளைவின் பெரிய மேட்டிலிருந்து பிரிந்த அந்தக் குட்டி, சதுப்பில் நனைந்து, புல்வெளியில் விதைகளை ஒட்டிக்கொண்டு, பைன் காட்டில் சருகைப் போர்த்திக்கொண்டு, விடாமல் தொடர்ந்திருக்கிறது. அதட்டிப் பார்த்தாள், கேட்கவில்லை. ஏற்றத்தில் அவள் இறங்கித் தள்ளியபோது பின்சக்கரத்தை முட்டி உதவி வேறு செய்ததாம். அதற்கப்புறம் யாருக்கு விரட்ட மனசு வரும்?

இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதற்குத் துணியாத வீடு அது. பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் வாசலுக்கு வந்து பார்த்தார்.

"என்ன இது?"

"கூடவே வந்துடுச்சுங்க."

"சரி, உள்ள வரச் சொல்லு. பனி கொட்டுது."

அவ்வளவுதான் பேச்சு. காற்றில் கரைந்துவிடாமலிருக்க அவள் தினமும் பூவாளியால் தண்ணீர் தெளித்தாள். பனிக்காலம் முடிவதற்குள் அது இடுப்பளவு வளர்ந்துவிட்டது.

காப்பக அதிகாரி எப்படியோ மோப்பம் பிடித்து வந்தார். காப்பக மணல் ஒரு பிடி வெளியே போனாலும் திருட்டுதான், ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்ப வரவில்லையென்றால் வழக்கு என்றார். இதையும் பறிகொடுக்கணுமா என்று அவள் அழுத அழுகையில் ஓட்டுநருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறன்று சைக்கிளை எடுத்தாள். குட்டி குஷியாகப் பின்னால் வந்தது. காட்டையும் புல்வெளியையும் சதுப்பையும் தாண்டி, பெரிய மேட்டின் அடியில் நிறுத்தி, "இனிமே என் பின்னால வரக்கூடாது, கண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள்.

மறுநாள் விடிந்தும் தெரு இருட்டாகவே இருந்தது. பெரிய மேடு தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அத்தனை பெரிய உடம்பு ஒருவருடைய வண்டியையும் உரசவில்லை. ஓரத்தில் நின்ற குட்டியை அது வாசற்படிப் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டது. பல்செட்டுக்காரியின் முன்னால் சற்று நேரம் நின்றது. பிறகு தனியாக ஆற்றுக்குத் திரும்பிப் போனது. அடித்துப் பிடித்து ஓடிவந்த அதிகாரி வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

"பெத்தவளே கொண்டாந்து விட்ட பிறகு நான் யாரும்மா கேக்க?"

அதற்கப்புறம் எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. படுக்கையெல்லாம் ஒரே மணல் என்று ஓட்டுநர் தினமும் முணுமுணுக்கிறார். என்றைக்காவது விரிப்பு சுத்தமாக இருந்துவிட்டால், பதறி எழுந்து போய், அதற்கு உடம்பு சரியில்லையோ என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் படுக்கிறார்.