ஓட்டட்டுமாப்பா

அதற்கு மேல் ஆம்புலன்ஸ் ஏறாது என்று ஓட்டுநர் கையை விரித்துவிட்டதும், பெட்டியை ஜீப்புக்கு மாற்றினார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் போகும் பாதை முழுக்கக் கல்லும் சேறும். பீர்மேட்டில் இருபத்தாறு வருஷமாக ஜீப் ஓட்டுகிற மரியஜோசப், சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.

"வேற ஆளு ஓட்டட்டும் மாமா," என்றான் டின்டு. கனடாவில் சிஜுவோடு ஒரே அறையில் இருந்தவன். உடலோடு விமானத்தில் வந்திருந்தான்.

"எம் மவன நாந்தான் கொண்டு போவேன்."

பெட்டி ஆடாமல் பிடித்துக்கொள்ளப் பின்னால் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். வண்டி முதல் கியரிலேயே ஊர்ந்தது.

அங்கே சிஜுவுக்கு ஸ்னோமொபைல் பட்டறையில் வேலை. பனிமேல் ஓடும் வண்டி அது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டுவான். "இது போலாரிஸ்ப்பா. அந்த மஞ்சள் ஸ்கீ-டூ. இது ஆர்க்டிக் கேட்."

"வண்டிக்குப் பூனைன்னா பேரு வப்பானுவ?" என்று மரியஜோசப் சிரிப்பார். எது மேட்டில் ஏறும், எது வளைவில் பின்பக்கத்தை வீசும் என்று இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். தன் முறைக்குக் காத்திருந்து அலுத்துப்போய் அவர் மனைவி பிலோமி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"எப்பிடில ஆச்சு?" பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஏரி உறைஞ்சி கெடக்கும்லா மாமா, அதுமேலதான் ரேஸு. வழக்கமா ஓட்டுறவனுக்குக் கை ஒடிஞ்சிருச்சு, இவன ஓட்டச் சொன்னாங்க. மூணாவது சுத்து வரைக்கும் இவந்தான் முன்னால. வளைவுல தூக்கி எறிஞ்சிருச்சு. பின்னால வந்தவனால நிறுத்த முடியல." டின்டு தயங்கினான். "மொதல்ல வேணாம்னுதான் இருந்தான். உங்களுக்குப் போன் பண்ணுன பெறகு..."

"தெரியும்."

பயமா இருக்கு, ஓட்டட்டுமாப்பா என்று கேட்டிருந்தான். "ஜீப்புக்காரன் மவன் பயப்படலாமால? ஏறி உக்காரு," என்றார். சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இப்போது அதை நினைக்கத்தான் முடியவில்லை.

லயத்து வாசலில் பெட்டியை இறக்கினார்கள். கண்ணாடி வழியே முகம் மட்டும் தெரிந்தது. பதினோரு நாள் அழுததில் பிலோமிக்குக் குரல் கட்டியிருந்தது. டின்டுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெக்கானிக்கு வேலைக்குத்தானல போனான்? அவன யாரு அதுல ஏறச் சொன்னது?"

டின்டு மரியஜோசப்பைப் பார்த்தான். அவர் கையிலிருந்த ஜீப் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லல அத்த. அவனாத்தான் ஏறுனான்."

பிலோமி பெட்டிமேல் கவிழ்ந்தாள். "அறிவு கெட்டவனே, எங்கள ஒரு வார்த்த கேட்டியால? ஒரு வார்த்த கேட்டியா?"

உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கினார். மரியஜோசப் அவளருகே முழங்காலிட்டார். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் ஆவி படிந்து, முகம் மறைந்தது. தோள்துண்டால் துடைத்தார். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தார்.