இரவல் மூக்கு

1

என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. வைனிலும் பீரிலும் என்னென்ன வகை, நம்மூர்ச் சாப்பாட்டில் எதற்கு எது பொருந்தும், எளிமையாக எழுதிக் கொடுங்கள் என்றார் ஒரு பத்திரிகை ஆசிரியர். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் வைன் இரண்டு நிறத்தில் இருக்கும், பீரில் நுரை வரும் என்பது மட்டுமே. அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டிக்குப் போங்கள் என்றார் தெரிந்தவர் ஒருவர். சிப்காட்டுக்கு வரும் வெளிநாட்டு இன்ஜினீயர்கள் தங்குகிற ஓட்டல் ஒன்று இருக்கிறது, அங்கே பென்னி என்று ஒருவர், கப்பலில் பதினோரு வருஷம் வைன் ஊற்றியவர், அவரைக் கேளுங்கள் என்றார். போனேன். இரண்டு பக்கம் குறிப்பு எடுத்தேன். மூன்றாவது பக்கத்தில் பென்னி பேனாவைப் பார்த்தபடி, "சார், ஒண்ணு சொல்லட்டா? கட்டுரையில மட்டும் போட்டுறாதீங்க" என்றார்.

கட்டுரையில் போடவில்லை. கட்டுரையே எழுதவில்லை. (ஆசிரியர் இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ளவும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பென்னிக்கு ஆண்டவன் கொடுத்த வரம் அவருடைய மூக்கு. அந்த மூக்குக்கு ஒரு நாள்"

அங்கேயே நிறுத்திவிட்டேன். மூக்குப்பொடி விளம்பரம் மாதிரி இருந்தது.

இரண்டாவது தொடக்கம் பாலில் ஆரம்பிக்கிறது. அது நிற்கட்டும்.

காய்ச்சல் விட்டு நாலாம் நாள். பென்னி அடுப்படியில் நின்று போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்த அவர் மனைவி ஜெனிபர் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"இன்னாங்க, ஊடே நாறுது. பக்கத்துலயே நின்னுகினு இன்னா பண்றீங்க?"

பாத்திரத்தில் பால் இல்லை. அடியில் கறுப்பாய் ஒரு வட்டம் இருந்தது. பென்னி குனிந்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. கிராம்பு டப்பாவைத் திறந்தார், காபித்தூளைத் திறந்தார். கடைசியில் குளியலறைக்குப் போய் ஃபினாயில் பாட்டிலை மூக்கில் வைத்து இழுத்தார். கண்ணில் எரிந்தது. வாசனை மட்டும் இல்லை.

"வாசனையே வரலியாங்க?" என்று கேட்டாள் ஜெனிபர். அவர் பாட்டிலை மூடி வைத்தார்.

திருவள்ளூரில் காது மூக்கு டாக்டரிடம் போனார்கள். வரலாம், ஆறு மாசம் ஆகலாம், வராமலும் போகலாம் என்று மூன்றையும் ஒரே குரலில் சொன்னார் அவர். தினம் காலையில் எலுமிச்சைத் தோல், கிராம்பு, ரோஜா என்று நாலைந்தை முகர்ந்து பழகச் சொன்னார். திரும்புகிற பஸ்ஸில் பென்னி சொன்னார், "ஓட்டல்ல யாருக்கும் தெரிய வேணாம்."

3

இங்கே எழுதாமல் போன கட்டுரையிலிருந்து ஒரு பத்தியைக் கடன் வாங்குகிறேன்.

நாக்குக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். புளிப்பு, இனிப்பு, உப்பு, கசப்பு. அதோடு சிவப்பு வைனின் துவர்ப்பும், மிளகாயின் எரிச்சலும், பீரின் சுருக்கென்ற குத்தலும் வாய்க்குத் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. ஒரு வெள்ளை வைனில் கொய்யா இருப்பதும், கோதுமை பீரில் வாழைப்பழம் வருவதும், ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரில் வறுத்த காபிக்கொட்டை நிற்பதும் மூக்கு சொல்லித்தான் நமக்குத் தெரியும். மூக்கை மூடிக்கொண்டு குடித்தால் எல்லா வெள்ளை வைனும் ஏறக்குறைய எலுமிச்சைத் தண்ணீர்.*

(*நான் வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ரசம் குடித்துப் பார்த்தேன். புளித் தண்ணீர்தான். ரசம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.)

பென்னி நான்கு மாதம் ஞாபகத்தை வைத்தே ஓட்டினார். எந்த வைனில் என்ன வாசனை என்று பதினோரு வருஷம் ஒப்பித்தது கைகொடுத்தது. பாட்டிலைத் திறப்பார், கிளாசை மூக்கருகே கொண்டுபோவார், தலையை ஆட்டுவார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "சார், பொய் சொல்றது கஷ்டமா இல்ல. அவ்ளோ சுலபமா இருந்துச்சே, அதுதான் பேஜாராப் போச்சு" என்றார் என்னிடம்.

பிறகு மேனேஜர் அருணகிரி அந்த விருந்தைப் பற்றிச் சொன்னார். பம்பு செய்கிற கம்பெனி ஒன்று புதுப் பிரிவு திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம், பதினாலு பேர், வெளிநாட்டுக்காரர்களே பாதி. முழுக்க பழவேற்காட்டு மீன், நண்டு, இறால். ஒவ்வொன்றுக்கும் ஒரு வைன் அல்லது பீர், எல்லாம் இதுவரை வாங்காத புதுச் சரக்கு.

புதுச் சரக்குக்கு ஞாபகம் உதவாது.

4

இப்போது புவனேஸ்வரி. அந்த ஓட்டலின் இரண்டாவது சமையல்காரி, முப்பத்து மூன்று வயது, பழவேற்காட்டு மீனவக் குடும்பம். அப்பாவும் அண்ணன்களும் இன்றும் ஏரியில் இறங்குகிறார்கள்.

முதல் வரைவில் இவளுக்கு ஒரு குடிகாரப் புருஷனைக் கொடுத்திருந்தேன். சாராய வாடை என்றாலே அவளுக்குக் குமட்ட வேண்டும், அதனால் அவள் பென்னிக்கு உதவ மறுக்க வேண்டும். வசதியான ஏற்பாடு. எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. நம் கதைகளில் பெண்களுக்குப் புருஷன் என்று ஒருவன் வந்தால் அவன் குடித்துத்தான் ஆக வேண்டுமா? விசாரித்தேன். அவள் புருஷன் சசிகுமார் போல்ட்டு கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறார். பன்னீர் சோடாவைத் தவிர வேறொன்றும் தொடுவதில்லை. ஆகவே அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்தாயிற்று.

ஆனால் அவள் மறுத்தது நிஜம்.

பென்னி அவளிடம் போனதற்குக் காரணம் இருந்தது. பின்வாசலில் ஐஸ் பெட்டி இறங்கும்போது அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "இறாலு நேத்துது, திருப்பி அனுப்பு" என்பாள். ஒரு தடவையும் தப்பியதில்லை.

மதிய வேலை ஓய்ந்த நேரம். பென்னி எல்லாவற்றையும் சொன்னார். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"சரிண்ணா. நான் மோந்து சொல்றேன். நீங்க வெளிய போயி அதையே சொல்வீங்க. எல்லாரும் பென்னி சாருக்கு இன்னா மூக்குடான்னு சொல்வாங்க. அப்புறம்?"

"அப்புறம் இன்னா?"

"என் மூக்கு, உங்க பேரா?"

அவள் உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள்.

"நான் போட்ட நண்டு வறுவலுக்கே மெனு அட்டையில பெரிய செஃப் பேருதான். பத்து வருசமாச்சு. இது வேணாண்ணா."

5

மூன்று நாள் கழித்து அவளே வந்தாள். ஏன் மனம் மாறினாள் என்று எனக்குத் தெரியாது. (பரிதாபம் என்று எழுதிவைத்திருந்தேன். அவள் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆசை என்று எழுதினால் ஒருவேளை ஒத்துக்கொள்வாள்.)

"குடிக்க மாட்டேன். மோந்து மட்டும்தான் பார்ப்பேன். நல்ல பேரு வந்தா ரெண்டு பேருக்கும் வரணும். கெட்ட பேருக்கும் அதான்."

"சரிம்மா."

நான்கு மதியங்கள் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தார்கள். பென்னிக்கு ஆங்கிலத்தில் பழக்கமான பழங்கள் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள்.

முதல் வெள்ளை வைன்: "பச்சைக் கொய்யா. கடிக்கக் கூடாது, கையால ஒடைக்கணும், அப்போ வருமே அது. கொஞ்சம் புல்லு வெட்டுன மாதிரியும்."

கோதுமை பீர்: "தோலு கறுத்துப்போன வாழைப்பழம். அதுல எவனோ கிராம்பு குத்திட்டான்."

கறுப்பு பீர்: "வெல்லப் பாகு அடிப்புடிச்சிருச்சு. ஆனா வேணும்னே புடிக்க வெச்ச மாதிரி."

சொல்லிவிட்டு கிளாசை அவரிடம் தள்ளுவாள். பென்னி ஒரு வாய் வைத்துக்கொண்டு, அவள் கொண்டுவந்த கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு மீனோ இறாலோ சாப்பிட்டு, மறுபடி ஒரு வாய் குடிப்பார். இங்கே அவர் நாக்கு வேலை செய்தது. மடவை மீன் குழம்புக்கு அதன் புளியைத் தாண்டின புளிப்புள்ள வைன்தான் நின்றது, மற்றது தண்ணீராகிப்போனது. இறால் தொக்கின் காரத்துக்குக் கசப்பான பீரைக் கொடுத்தால் வாய் பற்றி எரிந்தது. லேசாக இனிப்புள்ள வெள்ளை வைன் அதே காரத்தை உட்கார வைத்தது. நெத்திலி வறுவலின் எண்ணெயை லாகர் என்கிற லேசான பீர் கழுவிவிட்டது. நண்டு மிளகு வறுவலுக்கு அருணகிரி ஆசையாக வாங்கிவைத்திருந்த சிவப்பு வைனைக் குடித்துப் பார்த்த பென்னி முகத்தைச் சுளித்தார்.

"ஆணியை நக்குன மாதிரி இருக்குது."

"அதுல நல்ல வாசனைதாண்ணா வருது, நாவப்பழம்."

"வாசனை நல்லாத்தான் இருக்கும். நண்டோட சேராது. அந்தத் துவர்ப்பும் இந்த மிளகும் அடிச்சிக்குது."

நண்டுக்குக் கோதுமை பீர் என்று முடிவானது. கறுப்பு பீரைக் கடைசியில் வருகிற வெல்ல அல்வாவுக்கு வைத்தார்கள்.

இந்தப் பகுதியை நான் மிகவும் ரசித்து எழுதினேன். ஒரு மூக்கும் ஒரு நாக்கும் சேர்ந்து ஒரு ஆளாக என்று ஒரு வாக்கியம் வந்தது. அடித்துவிட்டேன். அவர்கள் இரண்டு ஆள்தான். அதுதான் பிரச்சினையே.

6

ஞாயிற்றுக்கிழமை. ஏற்பாடு இதுதான்: பென்னி திறக்கிற ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு சொட்டு புவனேஸ்வரியிடம் போகும், அவள் தலையாட்டினால் பாட்டில் மேஜைக்குப் போகும். ஏனென்றால் ஒரே சரக்கிலும் ஒரு பாட்டிலில் தக்கை கெட்டு வைனில் வாடை ஏறியிருக்கலாம். அது மூக்குக்கு மட்டும்தான் தெரியும்.

நெத்திலி போயிற்று. தொக்கு போயிற்று. மேஜையில் பேச்சு குறைந்து சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. குழம்புக்கு முதல் பாட்டில் நன்றாக இருந்தது. இரண்டாவதைத் திறந்தபோது புவனேஸ்வரி இரண்டு கையாலும் நண்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள், புகை எழும்பிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிசம்ணா" என்றாள். அருணகிரி பின்னால் வந்து, "பென்னி, கெஸ்ட் காலி கிளாசோட உக்காந்துகினு இருக்காரு" என்றார்.

பென்னி போய் ஊற்றினார்.

நரைத்த தாடி வைத்த தலைமை இன்ஜினீயர் கிளாசை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே கீழே வைத்தார். மரியாதையான குரலில், இது கெட்டுப்போயிருக்கிறதே என்றார்.

அருணகிரி முகம் சிவந்தது. "பென்னி, நீங்க மோந்து பாக்கலியா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் விருந்தாளியிடம் குனிந்து ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். பிறகு பென்னியிடம் தமிழில், அழுத்திச் சொன்னார்:

"அந்தப் பொண்ணு ஆரம்பத்துலேருந்து ஜன்னலாண்ட கிளாசை வாங்கி வாங்கி மோந்துகினு இருந்துச்சு, நான் பாத்தேன். பாட்டிலை அடுப்பாண்ட வெச்சிருக்கும். அதான் கெட்டுச்சு. இன்னியோட கிச்சனை விட்டு அனுப்பிடறேன்."

7

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் நின்றேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) பென்னி பேசாமல் வேறு பாட்டிலைக் கொண்டுவருகிறார். விருந்து நன்றாக முடிகிறது. புவனேஸ்வரி வேலை போகிறது. பாதி வாசகர்கள் பென்னியைத் திட்டுவார்கள், மீதிப் பேர் வாழ்க்கை அப்படித்தான் என்பார்கள்.

(ஆ) புவனேஸ்வரி தானே வெளியே வந்து எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறாள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அடுப்பில் நண்டு கருகும். அவள் அப்படி விட்டுவிட்டு வரமாட்டாள்.

(இ) நடந்தது.

பென்னி பாட்டிலை மேஜையில் வைத்தார். "அவ அடுப்பாண்ட வெக்கல சார். மோந்து பாக்க வேண்டியது நானு. எனக்கு மூக்கு செத்துப்போச்சு, நாலு மாசம் ஆச்சு. இன்னிக்கி நீங்க சாப்ட்ட எல்லாத்துக்கும் வாசனை பாத்தது புவனாதான். இந்த ஒரு பாட்டிலைத்தான் அவளைக் கேக்காம ஊத்துனேன்."

சொல்லிவிட்டு அதையே ஆங்கிலத்தில் விருந்தாளிக்கும் சொன்னார். தாடிக்காரர் அந்தப் பெண்ணைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

புவனேஸ்வரி நண்டை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரும் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கிளாசை அவளிடம் கொடுத்தார்கள். அவள் முகர்ந்தாள்.

"ஐயே. மழையில நனைஞ்ச அட்டைப்பொட்டி. மீன் பார்சல் கட்டுவாங்களே, அது."

பென்னி மொழிபெயர்த்தார். தாடிக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டு, எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார். அவளுக்குக் கை நீட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

8

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் திங்கட்கிழமை என்று ஒன்று வருகிறது.

அருணகிரி கெட்டவர் இல்லை. விருந்துக்கு நல்ல பேர் வந்ததில் அவர் கோபம் ஆறிவிட்டது. ஆனால், "மூக்கு இல்லாத ஆளை வெச்சி நான் வைன் விக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க" என்று பென்னியைக் கேட்டார். பென்னி, முடியாது சார் என்றார். அருணகிரி புவனேஸ்வரியைக் கூப்பிட்டு அந்த வேலையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சம்பளமும் கூட.

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "புளிப்பு எவ்ளோ, துவர்ப்பு எவ்ளோன்னு எனக்குத் தெரியாது சார். நான் குடிக்கவும் மாட்டேன். அவரு நாக்கு வேணும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "கொஞ்ச நாளைக்கி" என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்தக் கடைசிச் சொல்லை பென்னி என்னிடம் அவள் குரலிலேயே இரண்டு தடவை சொல்லிக் காட்டினார்.

மூன்று மாதம் இருவரும் சேர்ந்து பார்க்கட்டும், அதற்குப் பிறகு ஒரு ஆள்தான் என்று அருணகிரி முடிவு செய்தார். மெனு அட்டையில் அவள் பேர் முதலில், அவர் பேர் அடுத்தது.

மூன்று மாதம் முடிகிற வாரம்தான் நான் அங்கே போயிருந்தேன். குறிப்பெடுத்த மூன்றாவது பக்கம் அந்த மதியத்தில்தான் எழுதியது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது புவனேஸ்வரி ஒரு புது பீர் பாட்டிலோடு வந்தாள். லேபிளில் காகிதம் சுற்றியிருந்தது. வகை தனக்கும் தெரியாது, ஸ்டோர்க்காரர் சுற்றிக் கொடுத்தது என்றாள். இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, பக்கத்தில் இரண்டு துண்டுச் சீட்டும் வைத்தாள்.

"கண்ணை மூடிக்கினு மோந்து பாருங்கண்ணா. தோணுறத எழுதுங்க. நானும் எழுதறேன். ஒண்ணும் வரலைன்னா வெறும் சீட்டை மடிச்சி வெச்சிருங்க. தப்பில்ல."

பென்னி கண்ணை மூடி முகர்ந்தார். நீண்ட நேரம். இது ஞாபகத்தில் இல்லாத பீர். ஒப்பிக்க ஒன்றும் கிடையாது. பிறகு என் பேனாவை வாங்கினார். ஒரு சொல்தான் எழுதினார். கை அசைந்த அளவு அவ்வளவுதான். சீட்டை நான்காக மடித்தார். அவளும் முகர்ந்து, எழுதி, மடித்து வைத்தாள்.

இரண்டு சீட்டிலும் ஒரே வாசனை இருந்தால் அவர் மூக்கு திரும்பிவிட்டது என்று அர்த்தம், அவர் வேலை அவருக்கே திரும்பலாம், அவள் அடுப்புக்குப் போக வேண்டியிருக்கலாம். வேறாக இருந்தால் அவள் பேர் மட்டும் அட்டையில் நிற்கும். அவள் எந்தச் சொல்லை விரும்பினாள் என்று முகத்தைப் பார்த்தேன். இருவரும் சீட்டைப் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், நீங்க பிரிங்க" என்றார் பென்னி.

நான் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். அது பொய். ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

சீட்டு இரண்டும் உங்கள் முன்னால் இருக்கிறது. பிரிக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் யாருடையதை?