உறை பிரிக்காத கழுகு

'சாம்பல் கழுகு' காமிக்ஸின் தமிழ்த் தொகுப்பில் முதல் பாகம் கூரியரில் வந்த அன்று, கிஷோர் பார்சல் அட்டையை மட்டும் பிரித்தான். புத்தகத்தின் மேல் இறுக்கமாக ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைத் தொடவில்லை. ஈஜிபுரா வீட்டு பீரோவில் பாதி இப்படி உறை கலையாத காமிக்ஸ்கள்தான். மனைவி விஜியின் புடவைகள் மிச்சப் பாதியில் முட்டிக்கொண்டு கிடந்தன. உறை கிழிந்தால் மதிப்புப் போச்சு என்பது சேகரிப்பவர்கள் கட்சி. படிப்பவர்கள் கட்சி வேறு. பாவம், அவர்கள் புத்தகத்தைப் படித்துத் தொலைக்கிறார்கள்.

ஆனாலும் கருத்துச் சொல்ல வேண்டுமே. காமிக்ஸ் வாசகர் குழுவில் கிஷோரின் விமர்சனத்துக்குத் தனி மவுசு. ஆபீசில் அவனுக்கு சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கிற வேலை. அந்தக் கை வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? கல்லூரி நாளில் ஆங்கிலத்தில் படித்த கதைதான். வேறு யாரும் முந்துவதற்குள் எழுதிப் போட்டான்: 'ஓவியம் பிரமாதம். தமிழில்தான் உயிர் இல்லை.' உறையைப் பிரிக்காமல் அது எப்படித் தெரிந்தது என்று விஜி கேட்டதற்கு, அனுபவம் என்றான்.

லைக்குகள் குவிந்தன. ஆளாளுக்கு ஒத்து ஊதினார்கள். அவர்களில் யார் யார் உறையைப் பிரித்தார்களோ, அந்தக் கழுகுக்கே வெளிச்சம்.

போதுமான பேர் முன்பதிவு செய்தால்தான் அடுத்த பாகம் அச்சுக்குப் போகும். இரண்டாம் பாகத்துக்கு ஆள் சேரவில்லை. மொழிபெயர்ப்பாளர் லாயிட் தாமாகவே விலகிக்கொள்கிறார் என்று பதிப்பகம் குழுவில் அறிவித்தது. அதைப் படித்ததிலிருந்து கிஷோருக்குச் சோறு இறங்கவில்லை. விமர்சனத்தை நீக்கிவிடலாம் என்று விரல் போகும். ஏன் நீக்கினாய் என்று கேட்பார்களே என்று திரும்பி வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை லாயிட்டே போன் செய்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ், சாயங்காலத்தில் மொழிபெயர்ப்பு. பக்கத்தில்தான் இருக்கிறாராம், ஐந்து நிமிஷம் வரலாமா என்று கேட்டார். கிஷோருக்கு மாட்டேன் என்று சொல்ல நா எழவில்லை.

வந்தவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் கிஷோரை வதைத்தது. விஜி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "சண்டைக்கு வரல கிஷோர். எந்த எடத்துல உயிர் இல்லன்னு ஸ்வல்ப காட்டுங்க. அது தெரியாமலே வுட்டுட்டுப் போக மனசு வரல."

புத்தகத்தை எடுத்து வருவதாக உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினான் கிஷோர். நகத்தால் கீறி, பல்லால் இழுத்து உறையைக் கிழித்தான். படித்த புத்தகம்போல் தெரியட்டும் என்று நடுவில் விரித்து அழுத்தினான். அந்தப் பக்கத்தில் சாம்பல் கழுகு, வானத்தில் பறந்து ஊரையே காப்பாற்றுகிறவன், அடுக்குமாடிப் படிகளில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தான். 'பறந்து வந்தா அம்மா பயப்படுவா. படியேறியே வர்றேன்.' ஆங்கிலத்தில் இந்த இடத்தை ஒரு நொடியில் தாண்டிப் போனது நினைவிருக்கிறது. இப்போது அதே வரியை மறுபடி படித்தான். இதையா உயிர் இல்லை என்று எழுதினேன் என்று நினைத்ததும் உடம்பு கூசியது.

வெளியே வந்து புத்தகத்தை நீட்டினான். அழுத்தி விரித்த புத்தகம் அதே பக்கத்தில்தான் திறந்தது. இதுவா என்று லாயிட் கேட்டார். இல்லை என்றால் வேறு எதைக் காட்டுவது? வேறு எதையும் அவன் படிக்கவில்லையே. கிஷோர் தலையாட்டினான்.

லாயிட் படியேறும் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "இது ஒண்ணாவது சரியா வந்திருக்குன்னு நெனச்சிருந்தேன்" என்றார். அவனிடம் அனுமதி கேட்டு, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்த வரியை மெல்ல அடித்தார். வேறு நாளாக இருந்தால் தன் புத்தகத்தில் பென்சில் பட்டதற்கே கிஷோர் மயங்கி விழுந்திருப்பான். இன்று அந்தக் கோடு தன் மேல் விழுந்தாலாவது தேவலை என்றிருந்தது. 

லாயிட் எழுந்து செருப்பை மாட்டினார். கை கொடுக்க வந்தவர் நின்று, கிஷோரின் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்த எதையோ இரண்டு விரலால் எடுத்தார். கிழிந்த பிளாஸ்டிக் உறையின் துண்டு. அதில் பதிப்பகத்தின் ஸ்டிக்கர் பாதி இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார். துண்டை நான்காக மடித்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"படிச்சிட்டு சொல்லுங்க" என்றார். "நல்லால்லன்னாலும் பரவால்ல."

படியிறங்கும் சத்தம் ஓய்கிறவரை கிஷோர் வாசலிலேயே நின்றான். பிறகு குழுவைத் திறந்து, 'நான் புத்தகத்தைப் பிரிக்காமலே அந்த விமர்சனத்தை எழுதினேன்' என்று போட்டான். அவன் என்ன எழுதினாலும் பாய்ந்து வந்து லைக் போடுகிறவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.