வசனத்துக்குக் காவல்

குருநகர் மாதர் சங்கத்துப் பெண்கள் முப்பத்திரண்டு பேருக்கும் நான் சொக்லேற் கொண்டுபோயிருந்தேன். வெளிநாடு போய்விட்டு வெறுங்கையோடு வந்தால் யாழ்ப்பாணத்தில் யார் முகத்திலாவது முழிக்க முடியுமா? அந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

நான் போனது காலநிலை மாநாட்டுக்கு. கடல் பொங்கிப் பிழைப்புக் கெட்டவர்களுக்குப் பணக்கார நாடுகள் கொடுக்கும் நிதியில் பெண்களுக்கு எவ்வளவு என்று அங்கே பேரம் நடந்தது. பல நாட்டுப் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து, தீர்மான வரைவில் ஒரு வசனத்துக்கு, அதாவது ஒரு வாக்கியத்துக்கு, ஒருத்தி காவல் என்று பிரித்துக்கொண்டோம். எங்களுக்குப் பேச உரிமை இல்லை. பின்வரிசையில் இருக்கலாம். நம் வசனத்தில் யாராவது கைவைத்தால் ஓடிப்போய், நமக்கு ஆதரவான நாட்டுப் பிரதிநிதியின் காதில் ஓதி, எதிர்க்க வைக்க வேண்டும். எனக்கு வந்தது, சிறிய பெண்கள் சங்கங்களுக்கு நிதி நேரடியாகப் போக வேண்டும் என்ற வசனம். அதற்காகத்தான் குருநகரார் என்னை வழியனுப்பியதே. பெரிய நிறுவனங்கள் இடையில் நிற்காமல் நிதி வந்தால், மீன் விற்கும் இந்தப் பெண்கள் சொந்தமாக ஓர் ஐஸ் அறை கட்டலாம். இப்போது ஐஸ் இல்லாமல், பத்து மணிக்கே வியாபாரி சொன்ன விலைக்கு மீனைத் தள்ளிவிடுகிறார்கள்.

கடைசி நாள் மத்தியானம் இரண்டு மணிநேரம் இடைவேளை என்றார்கள். கடைக்கு ஓடினேன். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது கூட்டம் முன்னதாகவே தொடங்கியிருந்தது. திரையில் என் வசனம் இல்லை. எடுத்துவிடலாமா என்று தலைவர் கேட்டாராம். யாரும் வாய் திறக்கவில்லையாம்.

ஊர் திரும்பி, குருநகர்த் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் சொக்லேற்றைப் பகிர்ந்துவிட்டு, "பெரிய நாடுகள் வெட்டிப் போட்டாங்கள்" என்றேன். பொய் இல்லைதான்.

"நீ தனிய என்ன செய்வாய் பிள்ளை? குளிருக்கை கிடந்து மெலிஞ்சு போனாய்." சங்கத் தலைவி றெஜினா அக்கா என் தலையைத் தடவினார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கை பட்டதும் வெட்கத்தில் செத்தே போனேன்.

"அக்கா, அவங்கள் வெட்டேக்கை நான் அங்கை இல்லை. கடையிலை நிண்டனான். இந்தச் சொக்லேற் வாங்கத்தான் போனனான்."

பாதிப் பேர் ஏற்கெனவே தின்று முடித்திருந்தார்கள். என் முகத்தைப் பார்க்க அவர்களுக்கும் சங்கடம். றெஜினா அக்கா தன்னுடையதைப் பிரிக்காமல் மேசையில் வைத்தார்.

"நாங்கள் உன்னட்டைச் சொக்லேற் கேட்டனாங்களே?"

"இல்லை அக்கா."

"அடுத்த கூட்டம் எப்ப?"

"வாற வருசம்."

"அதுக்கு நான் வாறன். எனக்கு இங்கிலிஸ் தெரியாது, நீ பக்கத்திலை இருந்து சொல்லு. ஆனா மூத்திரம் முட்டினாலும் நான் கதிரையை விட்டு எழும்பமாட்டன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் நிலத்தைப் பார்த்தபடி, "ஓம் அக்கா" என்றேன்.