காலிப் பாதையில் மாமியாரின் பிரேக்

சுரங்கத்தை மூடியதும் இரும்புத்தாது ரயில் ஓடிய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, அதே தடத்தில் சரளைக்கல் கொட்டி சைக்கிள் பாதை போட்டுவிட்டார்கள். காரும் கிடையாது, லாரியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ காக்கைகூட இருக்காது.

அப்படிப்பட்ட பாதையில் என் மாமியார் எதற்குப் பிரேக் பிடிக்கிறார்?

சுரங்கத்திலிருந்து இறங்கும் சரிவில், மறுபடியும் என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தில் மோதப் பார்த்தது. முதலில் முயல் ஏதாவது குறுக்கே ஓடியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் சைக்கிளில் கோளாறோ என்று நினைத்தேன். அதுவும் இல்லை, நேற்றுதான் பிரேக் கட்டையை நானே மாற்றினேன். மாமியாரிடம் கேள்வி கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஆனால் கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

"அத்தை, பாதை நேராத்தானே போகுது. எதுக்கு பிரேக் போடறீங்க?"

"வளைவு வருது மாப்ளே."

கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். வளைவு எங்கோ தொலைவில், தீக்குச்சி உயரத்துக்குத் தெரிந்த மரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அதுக்கு இங்கேயேவா? அங்க போய்ப் பிடிச்சா நிக்காதா?"

சுரங்கம் மூடும்வரை இதே தடத்தில் அந்தத் தாது ரயிலை ஓட்டியவர் அவர். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"எப்படி நிக்கும்? பின்னாடி லோடோட நாப்பது பெட்டி தள்ளிக்கிட்டு வருமே."

சிரிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் என் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. பின்னால் வெறும் சரளைதான்.

இருந்தாலும் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.