நீலம் பூசிய வைக்கோல் சுவர்

“அப்போ மொத்தச் சுவரையும் உடைக்கணுங்கிற?”

“உடைக்க வேண்டாம் அண்ணி. பலகையை மட்டும் கழட்டினாப் போதும்.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அண்ணி கதவில் சாய்ந்தபடி வெளியிலேயே நின்றாள். தங்கை தரையில் மண்டியிட்டு, ஜன்னலுக்குக் கீழே நீலச் சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ஊறிய ரொட்டியைப் போல அமுங்கியது. அடுத்த அறையில் அண்ணியின் குழந்தை இருமினாள். சுவரில் பூஞ்சை இருக்கிற வரைக்கும் இருமல் நிற்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்தப் பலகை தங்கையின் எட்டு வருட உழைப்பு. வெயிலும் குளிரும் உள்ளே வராமலிருக்கச் சுவரில் பதிக்கிற தெர்மாகோலுக்குப் பதிலாக, வைக்கோலை அரைத்து, மரத்தூளிலிருந்து பிரித்த பசையால் இறுக்கி, ஆய்வுக்கூடத்தில் அவள் செய்தது. இதில் பெட்ரோலியம் பொட்டளவும் இல்லை என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. ஆட்கள் வாழும் வீட்டில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று வந்தபோது ஒருவரும் முன்வரவில்லை. அண்ணன்தான் தன் வீட்டைக் கொடுத்தான்.

“இவ்வளவு படிச்சுட்டுக் கடைசியில வைக்கோல்ல சுவர் வைக்கிறே. மாடு மோப்பம் பிடிச்சா என் வீடே போச்சு” என்றான்.

அண்ணன் பெயின்டர். ஊரார் வீட்டுக்கெல்லாம் நிறம் கொடுத்தவனுக்குத் தன் வீட்டுக்கு பிரஷ் எடுக்க நேரம் கிடைத்ததில்லை. பலகை பொருத்திய மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தான். மூக்கு நுனியில் நீலம்.

“பாரு! இருக்கிறதுலயே ஒசத்தியான பிளாஸ்டிக் பெயின்ட். ரெண்டு கோட். உன் வைக்கோல் இப்போ மாப்பிள்ளை மாதிரி இருக்கு.”

தங்கைக்கு உடனே புரிந்துவிட்டது. பலகை ஈரத்தை வாங்கும். வாங்கியதை அறைக்குள் விட்டு உலரும். மேலே பிளாஸ்டிக் தோலைப் போர்த்தினால் உள்ளேயே ஊறி அழுகும். ஆய்வுக்கூடத்தில் யாரும் பலகைக்கு பெயின்ட் அடிப்பதில்லை. அதனால் ஒரு பெயின்டரிடம் அதைச் சொல்லி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். திரையில் அந்த முகத்தைப் பார்த்தாள்.

“சூப்பரா இருக்குண்ணா.”

நேரில் போகும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒன்பதாம் நாள், வேலை செய்த இடத்தில் அண்ணன் நின்றிருந்த சாரம் சரிந்தது. அவன் உயிரோடு வீடு திரும்பவில்லை. பிறகு மழைக்காலம். சுவரைத் திரும்பிப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் மனசு இல்லை.

“உன் பலகைதானே கெட்டுப்போச்சு?” என்றாள் அண்ணி. “அவர் அடிச்ச பெயின்ட் நல்லாத்தானே இருக்கு?”

ஆமாம் என்று சொன்னால் பழி பலகையோடு போய்விடும். நாக்கு நுனி வரை வந்தது அந்த ஆமாம்.

“பலகை தானா கெடலை அண்ணி. பெயின்ட் அதை மூச்சு விட விடலை.”

“அவருக்கு அது தெரியாதா?”

“நான் சொல்லலை.”

“உனக்கு எப்போ தெரியும்?”

“அடிச்ச அன்னைக்கே.”

அண்ணி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் தேவலாம் என்றிருந்தது தங்கைக்கு.

“சொல்லியிருக்கலாமேடி. உன்னை நாலு கிண்டல் பண்ணிட்டு, மறுநாள் காலையிலயே எல்லாத்தையும் சுரண்டிப் போட்டிருப்பாரு.”

அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததுதான் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கத்தியைச் சுவரின் ஓரத்தில் செருகி இழுத்தாள். எட்டு வருடம் கறுத்த மாவாகிப் பொலபொலவென்று மடியில் உதிர்ந்தது. நீலம் மட்டும் உதிரவில்லை. நனைந்த துணி போலத் தொங்கியது, ஓட்டை ஒடிசல் இல்லாமல்.

அண்ணி உள்ளே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தொட்டாள். பிரஷ் போய் வந்த கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன.

“பிளாஸ்டிக் எத்தனை காலமானாலும் மக்காதுன்னு கரிச்சுக் கொட்டுவியே.”

“மக்காது அண்ணி.”

“அப்போ கத்தியை மெதுவாப் போடு. இந்த ஜன்னல்லேர்ந்து அந்த மூலை வரைக்கும், கிழியாம, ஒரே துண்டா எனக்கு உரிச்சுக் குடுக்கிறியாம்மா?”